வேதியியல் படித்த அண்ணன், அக்காமார் யாராவது உதவ முடியுமா?

வணக்கம். ரங்கூனில் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் பர்மியம், புத்தகம் ஆங்கிலம். மனப்பாடம் செய்துவிடுகிறேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.

இந்த வாரம் ஆய்வகத்தில் இரும்பு உப்புக் கரைசலைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்தோம் (டைட்ரேஷன், அதாவது சொட்டுச் சொட்டாக அளந்து சேர்த்துக் கரைசலின் செறிவைக் கண்டறிவது). பியூரெட்டிலிருந்து விழும் ஊதாச் சொட்டு உடனே நிறமிழக்க வேண்டும், கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு நிற்க வேண்டும். என் குடுவையில் பழுப்பாகக் கலங்கிவிட்டது. கந்தக அமிலத்தைக் குறைவாக ஊற்றியதால் மாங்கனீசு டையாக்சைடு வந்துவிட்டது என்பதுவரை சரி. பெர்மாங்கனேட் அமிலத்தில் 5 எலக்ட்ரான் ஏற்கிறது, நடுநிலையில் 3. அதனால் சமான நிறை (மோல் நிறையை எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது) 31.6, 52.7 என்று மாறுகிறது. கணக்கு வருகிறது. ஆனால் அமிலம் இருந்தால் மட்டும் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7இலிருந்து +2 வரை இறங்குவது ஏன்? ஹைட்ரஜன் அயனி அங்கே என்ன வேலை செய்கிறது?

யாராவது தமிழில் குரல் பதிவாக விளக்கினாலும் போதும். இரவில் கரண்ட் நிச்சயமில்லை, பதில் தாமதமானால் தவறாக எண்ண வேண்டாம். அப்புறம், தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலின் பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.