கார் கதவு அதிர்கிறது: அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை எங்கிருந்து ஒட்டத் தொடங்கலாம்?

மேலப்பாளையத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஹேட்ச்பேக். முன் கதவுகளில் ஆறரை இஞ்ச் காம்போனென்ட் ஸ்பீக்கரும், சீட்டுக்கு அடியில் சின்ன ஆம்ப்ளிஃபயரும் போட்டிருக்கிறேன். அதிகம் கேட்பது கோயில் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும்தான். ஹெட்போனில் குடத்து அடி நெஞ்சில் வந்து விழுகிறது. காரில் உடுக்கையும் வில்லுமணியும் மட்டும்தான் கேட்கின்றன, குடத்தைக் காணோம். சவுண்டைக் கூட்டினால் டோர் பேடு (கதவின் உள்பக்க மூடி) கடகடவென்று ஆடுகிறது. நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் டயர் இரைச்சல் வேறு. ஒரு கடையில் தரை, கூரை, டிக்கி எல்லாவற்றுக்கும் தார் ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள். அவ்வளவும் வேண்டுமா?

வள்ளியூர் அண்ணாச்சி:
தம்பி, தார் ஷீட் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் நம்ம பக்கம் கதவுத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் தார் இளகி நாறும், நட்டமாக நிற்கிற தகட்டில் இருந்து வழுகி இறங்கிவிடும். அலுமினியத் தாள் வைத்த பியூட்டில் (ஒருவகை ரப்பர்) ஷீட், 2 மி.மீ. தடிமனில் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் நிற்கும்.

முதலில் முன் கதவு இரண்டையும் மட்டும் செய்யுங்கள். பேடைக் கழற்றி, உள்ளே தெரிகிற வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்ங்’ என்று இழுக்கிற இடத்தில் ஒட்டினால் ‘டப்’ என்று அடங்கும். தகடு முழுக்க மூடத் தேவையில்லை, கால்வாசி மூடினாலே அதிர்வு பெரும்பாலும் போய்விடும். ஒட்டுவதற்கு முன் செம்மண் தூசியைத் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். அப்புறம் ரோலரால் நன்றாக அழுத்துங்கள். ஷீட்டின் மேல் இருக்கிற புடைப்புக் கோலம் தட்டையாகிற வரை விடாதீர்கள்.

உங்கள் குடத்துச் சத்தம் போவதற்குக் காரணம் வேறு. பேடுக்குப் பின்னால் உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரில் அசைகிற கூம்பு, அதாவது கோன், முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் தள்ளுகிற காற்றும் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்து, ஒன்றை ஒன்று அழித்துவிடும். அடிபடுவது பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த சத்தம்தான். குடம் கீறல் விட்டால் நாதம் வருமா? கதவும் அப்படித்தான். ஓட்டைகளை அலுமினியத் தகடு வெட்டி மூடி, மேலே ஷீட் ஒட்டுங்கள். எல்லா ஷீட்டையும்விட இந்த ஒரு வேலைதான் பாட்டை மாற்றும் என்று உறுதியாகச் சொல்வேன். கண்ணாடி மோட்டார், லாக் கம்பி தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள் இருக்கும். அப்படியென்றால் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஓட்டையை அடைக்காதீர்கள்.

தென்காசி சாரல்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடியில் உள்ள வடிகால் துளைகளை மறைத்தால் தகடு துருப்பிடிக்கும். கதவுக்குள் சாதா ஸ்பாஞ்சும் வைக்காதீர்கள், தண்ணீரைக் குடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். தண்ணீரை உறிஞ்சாத குளோஸ்டு செல் ஃபோம் என்றால் பயமில்லை.

மேலப்பாளையத்துக்காரன்:
ரொம்ப நன்றி. என் வண்டியில் பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது. டயர் இரைச்சலுக்கு என்ன வழி?

வள்ளியூர் அண்ணாச்சி:
அதற்குப் பியூட்டில் மட்டும் போதாது. அது தகட்டின் அதிர்வைத்தான் அடக்கும். காற்றில் வருகிற சத்தத்தைத் தடுக்க, தரையில் குளோஸ்டு செல் ஃபோமும் அதன் மேல் கனமான வினைல் ஷீட்டும் இடைவெளி விடாமல் விரிக்க வேண்டும். எடையும் செலவும் ஏறும். அதற்கு முன் டயர் தேய்ந்திருக்கிறதா, கதவு பீடிங் (விளிம்பு ரப்பர்) கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பீடிங் போயிருந்தால் பணகுடி காற்றில் எந்த ஷீட்டும் உதவாது.