மழை நன்றாகப் பெய்தும் ஜனவரியில் தீ ஏன்? வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

அடிவாரம்:
வீடு லாஸ் ஏஞ்சலஸ் அருகே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில். இரண்டு குளிர்காலம் தொடர்ந்து மழை கொட்டியது. அப்படியும் 2025 ஜனவரி 7 அன்று பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு காட்டுத்தீயும் ஒரே நாளில் கிளம்பின. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் வராதது குளிரில் எப்படி? வீட்டைப் பாதுகாக்கப் பெரிய தொகை இல்லை, எங்கே தொடங்கலாம்?

வறள்காற்று:
அந்த மழைதான் புல்லையும் புதரையும் வளர்த்துவிட்டது. பிறகு 2024 மே முதல் ஜனவரி வரை நகர மையத்தில் அரை அங்குல மழைகூட இல்லை. நெவாடா, யூட்டா மேட்டுநிலத்தில் காற்றழுத்தம் உயரும்போது அங்கிருந்து கடல் நோக்கி இறங்குவது சான்டா அனா காற்று. ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறி, ஈரப்பதம் படுத்துவிடும். இது அக்டோபர் முதல் குளிர்காலம் முழுக்க அவ்வப்போது வீசும். நவம்பரில் மழை வந்துவிட்டால் புதர் ஈரமாக இருக்கும், பெரிய சேதம் இல்லை. வராத வருடம்தான் ஆபத்து. கலிபோர்னியாவின் வடக்கே பாரடைஸ் ஊர் 2018 நவம்பர் 8 அன்று எரிந்து 85 பேர் இறந்ததும் இலையுதிர்கால மழை தள்ளிப்போன வருடத்தில்தான். ஆகவே வெயில் அளவைப் பார்க்காதீர்கள்; முதல் நல்ல மழை விழுந்ததா என்று பாருங்கள்.

கூரைக்காரர்:
வீடுகளில் பெரும்பாலானவை பற்றுவது பறந்து வரும் கங்குகளால். காட்டுத்தீ ஒரு மைல் தள்ளி இருக்கும்போதே அவை வந்து விழும். அதனால் சுவரிலிருந்து முதல் 5 அடிதான் முக்கியம். அங்கே மரச்சிராய், ஜூனிப்பர் செடி, விறகு, துடைப்பம், தேங்காய் நார் மிதியடி எதுவும் வேண்டாம், சரளைக்கல் போடுங்கள். கூரையோர மழைநீர்த் தகர வாய்க்காலில் சேரும் சருகை அள்ளுங்கள். இதற்கெல்லாம் உழைப்புதான் செலவு.

அடுத்து பரணுக்குக் காற்று போகும் துவாரங்கள். பழைய வீடுகளில் கால் அங்குலக் கண் வலை இருக்கும். கங்கு தாராளமாக உள்ளே போகும். எட்டில் ஒரு அங்குலம் அல்லது அதற்கும் சிறிய கண் கொண்ட துருப்பிடிக்காத உலோக வலை போடுங்கள். பிளாஸ்டிக், ஃபைபர் வலை உருகிவிடும். பதினாறில் ஒரு அங்குல வலை இன்னும் நல்லது, ஆனால் தூசியும் பெயின்ட்டும் அடைக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். பயந்து துவாரத்தையே நிரந்தரமாக மூடிவிடாதீர்கள், ஈரம் தங்கிக் கூரைமரம் உளுத்துப்போகும்.

அடிவாரம்:
நன்றி. பக்கத்து வீட்டோடு பொதுவான மரவேலி இருக்கிறது, சுவரைத் தொட்டு நிற்கிறது. கிளம்பும்போது கூரையில் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டுப் போகலாமா?

கூரைக்காரர்:
வேலி முழுவதையும் மாற்ற வேண்டாம். சுவரை ஒட்டிய கடைசி 5 அடியை மட்டும் உலோகமாக்குங்கள். வேலி வழியாகத் தீ ஊர்ந்து வருவது அங்கே நின்றுவிடும். அண்டை வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஈட்டன் தீயில் அல்டடீனா ஊர் வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியே தெருத்தெருவாக எரிந்தது.

வறள்காற்று:
தெளிப்பானைத் திறந்து வைக்காதீர்கள். எல்லாரும் அப்படிச் செய்தால் தீயணைப்பு வண்டிக்கு அழுத்தம் கிடைக்காது. அந்த வறண்ட காற்றில் நனைத்த கூரையும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஜன்னல் கதவுகளைச் சாத்துங்கள், திரைச்சீலையைக் கழற்றுங்கள், சமையல் கேஸ் சிலிண்டர் வெளியே இருந்தால் வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். இன்னொன்று: காற்று நாட்களில் மின்சாரத்தைத் துண்டிப்பதுண்டு, அப்போது பேட்டரி இல்லாத மோட்டார் கராஜ் கதவு திறக்காது. மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்க வீட்டில் உள்ள எல்லாரும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குத் தூக்க முடியாவிட்டால், எச்சரிக்கை வந்த அன்றே காரை வெளியே, தெருவைப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.