மறு: 'விகேரியஸ் அட்டோன்மென்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். ஒருவருடைய பாவத்தை இன்னொருவர் தீர்ப்பது, அதாவது கிறிஸ்து தம் சாவால் மனிதரின் பாவத்தைத் தீர்த்தார் என்ற கருத்துக்குத்தான் இந்த ஆங்கிலச் சொல்; அதற்குத் தமிழ் தேடுகிறோம். இழை நீண்டுவிட்டதால் மூன்று மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'பதிலாள் பாவநிவர்த்தி' என்று போட்டுவிடலாம். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

தேவைப்படாதுதான். ஆனால் வேண்டாத விளக்கம் ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார் என்பதில் சபைகளுக்குள் சண்டை இல்லை. அந்தச் சாவு எப்படிப் பாவத்தைத் தீர்த்தது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கொள்கை. ஒரிகேன், நீசாவின் கிரகோரி போன்ற பழைய கிறிஸ்தவ ஆசிரியர்கள், சாத்தானிடம் சிக்கிய மனிதரை விடுவிக்கக் கொடுத்த விலை என்றார்கள். கொள்ளைக்காரனுக்குப் போய் விலை கொடுப்பதா என்று நசியான்சின் கிரகோரி அந்தக் காலத்திலேயே கடிந்துகொண்டார். கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த 'கூர் தேயுஸ் ஹோமோ' (கடவுள் ஏன் மனிதரானார்) என்ற நூலில் கணக்கையே மாற்றி எழுதினார். பாவம் என்பது கடவுளுக்குச் சேர வேண்டிய மாண்பைக் கொடுக்காமல் வைத்திருக்கும் கடன். அதற்கு ஈடுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை பெற வேண்டும். கிறிஸ்து ஈடுசெய்துவிட்டார், ஆகவே தண்டனைக்கு வேலையில்லை. நமக்குரிய தண்டனையையே அவர் வாங்கிக்கொண்டார் என்ற கருத்து, 16ஆம் நூற்றாண்டில் கால்வின் போன்ற புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்களிடம்தான் அழுத்தம் பெறுகிறது.

'பதிலாள்' கால்வினுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அன்செல்மின் கணக்கில் யாரும் யாருக்குப் பதிலாகவும் தண்டனை அனுபவிக்கவில்லையே! பொதுச்சொல்லாக வைத்தால் அவரையும் கால்வினாக்கிவிடுவோம்.

> மேசியா என்றாலே பாவத்திலிருந்து மீட்பவர்தானே? 'மேசியாப் பணி' என்றாலே போதாதா?

போதாது. மேசியா என்றால் எண்ணெய் பூசப்பட்டவர், அவ்வளவுதான். இஸ்ரயேலின் அரசர்களுக்கும் குருக்களுக்கும் எண்ணெய் பூசினார்கள். பழைய ஏற்பாட்டில் ஏசாயா 45இல் பாரசீக மன்னன் கோரேசுக்கே அந்தப் பட்டம் கிடைக்கிறது. அவன் யூதரை நாடு திரும்ப விட்டவன். பாவத்தைத் தீர்த்தவன் அல்லன். தாவீதின் வழியில் ஓர் அரசர் வந்து அடிமைத்தனத்தை ஒழிப்பார் என்பதே பரவலான எதிர்பார்ப்பாக இருந்தது. அதை ஏசாயா 53இல் பிறருடைய அக்கிரமங்களுக்காக நொறுக்கப்படும் ஊழியரோடு இணைத்துப் படித்ததுதான் கிறிஸ்தவர்களின் தனித்தன்மை. யூதர்கள் அந்த இணைப்பை இன்றும் ஏற்பதில்லை. ஆகவே மேசியாவை மேசியாவாகவே விட்டுவிடுவோம்.

> 'கழுவாய்' தனித்தமிழ்க்காரர்கள் அண்மையில் செய்த சொல். செயற்கையாக இருக்கிறது.

இதை மட்டும் ஒப்ப முடியாது. கழுவாய் என்றால் செய்த பாவத்துக்குப் பரிகாரம். புறநானூறு 34ஆம் பாட்டைப் பாருங்கள். ஆலத்தூர் கிழார் பாடியது. பசுவின் மடியை அறுத்தவருக்கும், கருவைச் சிதைத்தவருக்கும்கூட 'வழுவாய் மருங்கின் கழுவாயும் உள', செய்ந்நன்றி கொன்றவருக்கு மட்டும் உய்தி இல்லை என்கிறார். 1995இல் வந்த விவிலிய மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் 1 யோவான் 2:2இல் 'நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே' என்று இதையே எடுத்துக்கொண்டது. அதே இடத்தில் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இருப்பது 'கிருபாதாரபலி'. ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் கம்பீரம் வேறு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை அடியாக வைத்து இன்னொரு சொல்லைக் கட்ட முடியாது.

கழுவாயில் ஒரு குறை உண்டு. தப்புச் செய்தவன் தானே செய்துகொள்வது அது. பரிகாரம், பிராயச்சித்தம் எல்லாமே அப்படித்தான். இங்கே செய்பவர் ஒருவர், பயன்பெறுபவர் இன்னொருவர். லேவியராகமம் 16இல் இந்த அமைப்பு தெளிவாக இருக்கிறது: இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களில் ஒன்று பலியாகும், மற்றதன் தலையில் கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புவார்கள். அந்த இரண்டாவதுக்குப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'போக்காடு' என்று பெயர் வைத்தார்கள். என்ன அழகான சொல்! நாம் பத்து மடல் எழுதியும் இப்படி ஒன்று வரவில்லை.

சரி, என் பரிந்துரை: 'ஈட்டுக்கழுவாய்'.

மாற்கு 10:45இல் மானிட மகன் (இயேசு) தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்ற இடத்தில், பழைய மொழிபெயர்ப்பு 'மீட்கும்பொருளாக' என்கிறது, திருவிவிலியம் 'மீட்புக்கு ஈடாக' என்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'அன்டி', அதாவது ஒன்றுக்குப் பதிலாக. பெரும்பாலான மற்ற இடங்களில் 'ஹூப்பர்' வரும். அது பொருட்டு, நிமித்தம் என்ற அளவில் நிற்கும். 'ஈடு' இந்த இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்காருகிறது. விலையாகக் கொடுப்பதும் ஈடு, கடனுக்கு நிகர்செய்வதும் ஈடு, ஒருவர் இடத்தில் நிற்பதும் ஈடு. பழைய ஆசிரியர்கள், அன்செல்ம், கால்வின் மூவருக்கும் இடமிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அபெலார்து மட்டும் வெளியே நிற்பார். சிலுவையில் தெரியும் அன்பைக் கண்டு மனம் மாறுவதே மீட்பு என்ற அவருடைய போக்கில் ஈட்டுக்கு முக்கியத்துவம் இல்லை, அதனால் அவர் வெளியே நிற்பதும் சரிதான்.

வைணவ நண்பர்களுக்கு ஈடு என்றதும் திருவாய்மொழி உரை நினைவுக்கு வரலாம். அரசு ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பு வரலாம். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

உட்பிரிவுகளுக்கு 'மீட்புவிலைக் கொள்கை', 'பதிலாள் தண்டனைக் கொள்கை' என்று வைக்கலாம். அப்போது ஐயா சொன்ன பதிலாளும் வீணாகாது. அன்செல்ம் சொன்ன ஈடுசெய்தலுக்கு, அதாவது 'சாட்டிஸ்ஃபாக்சியோ'வுக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ஈட்டைப் பொதுச்சொல்லில் செலவழித்துவிட்டேன். 'நிறைவீடு' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வேறு யோசனை இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்