மறு: ‘பிரைவேட் பிளாக் நெட்வொர்க்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

> ‘தனியார் வலைப்பதிவுப் பிணையம்’ என்று நேராக வைத்துவிடலாமே.

வைக்கலாம். ஆனால் ஏதோ ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்காக நடத்தும் வலைப்பதிவு என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆங்கிலப் பெயரே பூசி மெழுகியதுதான். அதை அப்படியே இறக்கினால் மெழுகும் சேர்ந்து வரும்.

நடப்பது இதுதான். காலாவதியான டொமைன்களை ஒருவர் ஏலத்தில் எடுக்கிறார். நின்றுபோன பத்திரிகை, கலைந்துபோன சங்கம் என்று, முன்பு நாலு நல்ல தளங்கள் தொடுப்பு (லிங்க்) கொடுத்திருந்த முகவரிகளாகப் பார்த்து எடுப்பார். ஒப்புக்குச் சில கட்டுரைகளைப் போட்டு, நடுவே தன் வியாபாரத் தளத்துக்கு ஒரு தொடுப்பு வைப்பார். சர்வர் வேறு, வடிவமைப்பு வேறு, பதிவு விவரமும் மறைப்பு. சம்பந்தமே இல்லாத இருபது பேர் ஒரு கடையைப் பரிந்துரைப்பதுபோல கூகுளுக்குத் தெரிய வேண்டும். இருபதும் ஒரே ஆள்.

ஆகவே என் பரிந்துரை: பினாமித் தள வலை. சுருக்கமாகப் பினாமி வலை.

> பினாமி என்றால் குற்றம் என்ற தொனி வருகிறது. கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நியாயமான ஆட்சேபம். இது கூகுளின் ஸ்பேம் கொள்கைக்கு எதிரானது. அதற்காகவே சட்டக் குற்றம் ஆகிவிடாது. ஆனால் 1988-இல் தடைச் சட்டம் வருவதற்கு முன்பே பினாமி என்ற சொல் வழக்கில் இருந்தது. உடைமையாளர் ஒருவர், பெயர் இன்னொன்று என்பதுதான் அதன் பொருள். அந்த மறைப்பைச் சொல்லாமல் இதன் லாபத்தையும் சொல்ல முடியாது, ஆபத்தையும் சொல்ல முடியாது.

லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரினும் பேஜ்ரேங்க்கை, அதாவது வரும் தொடுப்புகளை வைத்துப் பக்கங்களை மதிப்பிடும் முறையை, முன்வைத்த நாளிலிருந்து தொடுப்பு என்பது ஒரு வகை ஓட்டு. சொந்த வலை இருந்தால் எந்தச் சொல்லில், எந்த நாளில், எந்தப் பக்கத்துக்கு ஓட்டு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எந்த ஆசிரியருக்கும் மின்னஞ்சல் போட்டுக் கெஞ்ச வேண்டாம். காப்பீடு, கடன் மாதிரி நெரிசலான துறையில் சிறு வியாபாரிக்கு ஆசை வருவது இயல்பு.

எல்லாம் மறைப்பு நிற்கும் வரைதான். இரண்டு தளங்களில் ஒரே அனலிட்டிக்ஸ் எண் (வருகையாளரைக் கணக்கிடும் கருவியின் எண்), ஒரே நேம்சர்வர் (டொமைன் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் கணினி) சிக்கினால் போதும், முழு வலையும் கூடவே வந்துவிடும். 2012 மார்ச்சில் பில்ட்மைரேங்க் என்ற தொடுப்பு வலையின் பெரும்பாலான தளங்களைக் கூகுள் தேடலிலிருந்து நீக்கியது. அவர்கள் கடையை மூடினார்கள். அடுத்த மாதமே, போலித் தொடுப்புகளைக் குறிவைக்கும் கூகுளின் பெங்குயின் நிரல் வந்தது. 2016 செப்டம்பரில் பெங்குயின் கூகுளின் மைய நிரலில் சேர்ந்தபின் நிலைமை மாறியது: பெரும்பாலும் தண்டிப்பதில்லை, அந்தத் தொடுப்புகளைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். இது இன்னும் மோசம் என்பேன். தண்டனை வந்தால் தெரியும். கணக்கில் வராத தொடுப்புக்கு வருடாவருடம் டொமைன் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். கூகுள் ஊழியரே தளத்தைப் பார்த்துக் கொடுக்கும் தண்டனையும் போய்விடவில்லை. 2024 மார்ச்சில் காலாவதி டொமைன்களை இப்படிப் பயன்படுத்துவதைக் கொள்கையிலேயே பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், பில்ட்மைரேங்க் அடுத்தவர்களுக்குக் காசுக்கு இடம் கொடுத்த வலை. அதற்கு வாடகைத் தொடுப்பு வலை என்று தனிச் சொல் வேண்டும். அதில் பக்கத்துக் குடித்தனம் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. ஒரே விஷயத்தைப் பற்றிய தளங்கள் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றுக்கொன்று தொடுப்புக் கொடுத்துக்கொண்ட பழைய வெப்ரிங்கோ ‘தள வளையம்’. மூன்றையும் ‘இணைப்பு வலையமைப்பு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், “இதில் சேரலாமா?” என்று கேட்கும் கடைக்காரருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

> பேக்லிங்குக்கு (பிற தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் தொடுப்புக்கு) ‘பின்னிணைப்பு’ போதாதா?

போதாது. அது புத்தகத்தின் கடைசியில் இருப்பது. ‘வருதொடுப்பு’ என்று வைக்கலாம். தொடுப்பு என்றால் ஊர்ப்பக்கம் வேறு அர்த்தம் என்று ஒருவர் சிரித்திருந்தார். சரி, தெரியும். ஆனால் கேஸ், கரண்ட், கேபிள் எல்லாம் ஏற்கெனவே ‘இணைப்பு’ ஆயிற்றே.

பினாமி பாரசீகச் சொல், வேண்டாம் என்பவர்களுக்கு ‘மறையுரிமை வலை’ இருக்கிறது. எனக்கு அது காப்புரிமை அலுவலக வாசனை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள். மறைப்பு மட்டும் அதில் தெரிய வேண்டும்.