ஆவணிக் கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர் யார்?

குழு: அப்பத்தா வீட்டுச் சொந்தங்கள்

திருமங்கலம் சித்தப்பா, காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம், சமையல், நாதஸ்வரம் மூன்றுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. புகைப்படத்துக்குக் கேட்கும் தொகைதான் மலைப்பாக இருக்கிறது. எல்லோர் கையிலும் நல்ல கைப்பேசி இருப்பதால், நம் பிள்ளைகளையே எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் பெண்ணுக்கு இன்னொரு நகை போடலாமா என்று யோசிக்கிறேன்.

மேலூர் அத்தை, காலை 7:05
தம்பி, நகையைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். 1991-இல் என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது புகைப்படக்காரரின் ஃபிலிம் சுருள் தீர்ந்துபோனது. ஒரு சுருளில் 36 படங்கள்தான். அவர் புதுச் சுருளை மாட்டி நிமிர்வதற்குள் மூன்றாம் முடிச்சையும் நாத்தனார் போட்டு முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் தாலி கட்டும் படம் இன்றுவரை என்னிடம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். முன்னறையில் மாலை போட்டிருக்கும் நம் அம்மாவின் படம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. 1978-இல் பெரியண்ணன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரோடு நின்ற கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். உற்றுப் பார்த்தால் இடது தோளில் சின்னதாக நான்கு விரல்கள் தெரியும். பின்னால் பெஞ்சில் ஏறி நின்ற என் கை அது.

வில்லாபுரம் சித்தி, காலை 7:11
அக்கா, இத்தனை வருடமாகக் கும்பிடுகிறேன், அந்த விரல்களைக் கவனித்ததே இல்லை. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான், காலை 7:30
சித்தப்பா, சில ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுக்கும் வேலைக்குத் துணையாகப் போய்வருவதால் சொல்கிறேன். மேடையில் ஓமப் புகை, மஞ்சள் விளக்கு, அலங்காரத்துக்குப் போடும் எல்.இ.டி. விளக்கு எல்லாம் கலந்திருக்கும். அதில் கைப்பேசியின் சிறிய சென்சார் முகத்தை ஒரு படத்தில் வெளுக்க வைக்கும், அடுத்த படத்தில் கருக்க வைக்கும். நல்ல கேமராவில், பதிவானதைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் அரக்குப் பட்டின் நிறத்தைப் பிறகு பொறுமையாகத் திருத்தி மீட்டுக்கொள்ளலாம். இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமரா இருக்கிறதா என்று புகைப்படக்காரரிடம் கேளுங்கள். ஒன்று பழுதானாலும் முகூர்த்தம் மற்றொன்றில் இருக்கும்.

ஆனால் நாம் பணம் கொடுப்பது கேமராவுக்காக மட்டும் இல்லை. நாத்தனார் எந்தப் பக்கமாக வந்து குனிவார், தாய்மாமன் எந்த நிமிடத்தில் துண்டால் கண்ணைத் துடைப்பார் என்று அறிந்து, அதற்கு முன்பே அங்கே போய் நிற்பவருக்குத்தான் அந்தக் கூலி. நம் பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து மேடையை மறைத்தால், அட்சதை போடுவதும் பந்தியில் பரிமாறுவதும் யார்?

வில்லாபுரம் சித்தி, காலை 7:42
கல்யாணம் முடிந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவோம். 2018 முதல் உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை என்பதால், மாலையும் கழுத்துமாக இருவரையும் வாசலிலேயே எடுத்துவிட வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

திருமங்கலம் சித்தப்பா, காலை 8:10
அக்கா, அம்மா படத்தைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு மறுபேச்சு இல்லை. இன்றே முன்பணம் கொடுக்கிறேன். அவரிடம் வேறென்ன சொல்ல வேண்டும்?

நான், காலை 8:14
மூலக் கோப்புகள் முழுவதையும் ஹார்டு டிஸ்கில் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பெரிதாக அச்சிட உதவாது.

மேலூர் அத்தை, காலை 8:20
நான் முந்தின நாளே வந்து, நம் வீட்டுப் பெரியவர்கள் யார் யார் என்று அவருக்கு அடையாளம் காட்டுகிறேன். பெரியண்ணனுக்கு முழங்கால் வலி இருப்பதால் மேடைப் படி ஏற மாட்டார். கூட்டம் கூடுவதற்கு முன்பாகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அழைத்துவந்து, மதினியையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும்.