எஃப்.பி.2 டைமிங் பார்த்து ஸ்பா குவாலிஃபையிங்கைக் கணிக்க முடியுமா?

கெம்மல்_குமரன்:
ஃபார்முலா 1-ல், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், வெள்ளிக்கிழமை இரண்டாவது பிராக்டிஸில் (எஃப்.பி.2) முதல் மூன்றில் இருந்த கார், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் சனிக்கிழமை குவாலிஃபையிங்கில் எட்டாவதுக்குப் போய்விடுகிறது. டைமிங் ஷீட்டில் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தள்ளிவிட வேண்டும்? மழை வரும் என்றால் பிராக்டிஸ் வேகத்துக்கு மதிப்பே இல்லையா?

எடைக்கணக்கு:
2025 வரையான கார்களை வைத்துச் சொல்கிறேன். முதலில் பெட்ரோல். ரேஸுக்கு உச்சவரம்பு 110 கிலோ, ஸ்பாவில் 44 லேப். அதாவது லேப்புக்கு அதிகபட்சம் 2.5 கிலோ. தொட்டியில் 10 கிலோ கூடுதலாக இருந்தால் 7 கி.மீ. தடத்தில் லேப்புக்கு 0.3 முதல் 0.4 விநாடி போய்விடும். யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்பது வெளியே தெரியாது. ஆகவே எஃப்.பி.2-வில் 0.3 விநாடி வித்தியாசம் என்பதெல்லாம் ஒரு வித்தியாசமே இல்லை.

அடுத்தது இன்ஜின் மோட். 2020 மொன்சா முதல் குவாலிஃபையிங்கிலும் ரேஸிலும் ஒரே மோடில்தான் ஓட்ட வேண்டும். பிராக்டிஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, தணித்து ஓட்டலாம். லேப் டைமை விட்டுவிட்டு செக்டரை (தடத்தின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி நேரம்) பாருங்கள். வளைவுகள் நிறைந்த இரண்டாம் செக்டரில் வேகம், ஒன்றிலும் மூன்றிலும் மந்தம் என்றால் காரணம் இரண்டில் ஒன்று: தணித்த இன்ஜின், அல்லது கூடுதல் விங் (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை; வளைவில் பிடிமானம் தரும், நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைக்கும்). முதல் வளைவான லா சோர்ஸ் தாண்டி வேகம் ஏறும்போதே பின்தங்கினால் இன்ஜின். கெம்மல் நேர்ப்பாதையின் கடைசியில் மட்டும் பின்தங்கினால் விங். முன்னால் வேறு கார் போய் காற்றை உடைத்துக் கொடுத்த லேப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்ஜினைச் சனிக்கிழமை ஏற்றிக்கொள்ளலாம். விங்கை அப்படி மாற்ற முடியாது: குவாலிஃபையிங் தொடங்கியதும் பார்க் ஃபெர்மே விதி வந்துவிடும், முன் விங் கோணத்தைத் தவிர பெரிதாக எதையும் தொட முடியாது. ஞாயிறு மழை என்று நம்பி விங் ஏற்றிய டீம் காய்ந்த சனிக்கிழமையில் அடி வாங்கும்.

ஈரத்தடம்:
மழைன்னா மேல சொன்ன கணக்குல பாதி செல்லாது. இன்ஜின் பலத்தைவிட பிடிமானமும் டயர்ல சூடு ஏத்துறதும்தான் பேசும். 2021 ஸ்பாவே சாட்சி. காய்ஞ்ச தடத்துல முதல் பத்துக்கே திணறுன வில்லியம்ஸ்ல ரஸல் இரண்டாவது, முதலிடம் பிடிச்ச வெர்ஸ்டாப்பனுக்கு 0.321 விநாடிதான் பின்னால. குவாலிஃபையிங்கோட முதல் ரெண்டு சுற்றான கியூ1, கியூ2 ரெண்டுலயும் முதலிடம் பிடிச்ச நோரிஸ் கடைசிச் சுற்றான கியூ3-ல ரேடியோன் வளைவுல சுவத்துல போய் முடிஞ்சார்.

2025 வரை கியூ3 12 நிமிஷம். ஈரத்துல ஸ்பா லேப் கிட்டத்தட்ட 2 நிமிஷம், பிட்ல இருந்து வெளியே போற லேப்பைக் கழிச்சா அஞ்சு லேப் தேறும். தடம் காய்ஞ்சுக்கிட்டே வந்தா கடைசியா கோட்டைத் தாண்டுறவருக்குத்தான் லாபம். அதனால பலர் பெட்ரோலை நிறைச்சுட்டு நிக்காம ஓடுவாங்க. பிட்டுக்கு வந்தா உள்ளே வர்ற லேப்பும் வெளியே போற லேப்பும் போச்சு. ஆனா இன்டர் டயர் (லேசான ஈரத்துக்கானது) அதுக்குள்ள சூடேறி வழுக்க ஆரம்பிச்சா நிலைமை மாறிடும். அப்போ பிட்டுக்கு வந்து புது செட் போட்டு ஒரே ஒரு லேப் அடிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இன்டர்ல இருந்து ஸ்லிக்குக்கு (காய்ஞ்ச தடத்துக்கான வழவழப்பான டயர்) மாற தோராயக் கணக்கு: லேப் நேரம் காய்ஞ்ச லேப்பைவிட 12 சதவீதம் கூடுதல்ங்கிற அளவுக்கு இறங்கினா மாறலாம். 1:44 ஓடுற இடத்துல 1:56. ஆனா ஸ்பால பிட் பக்கம் வெயில் அடிக்கும், ஸ்டாவலோ வளைவு பக்கம் கொட்டும். சராசரியை நம்பி ஸ்லிக் போட்டா அந்த ஒரு வளைவுல போயிடும்.

பிட்வாசல்:
ஒரு திருத்தம். கடைசியில் போனால் லாபம் என்பது காயும் தடத்துக்கு மட்டும். மழை நெருங்கினால் நேர்மாறு. 2022-ல் பிரேசிலின் இன்டர்லாகோஸ், கியூ3: பிட் வாசலில் முதலில் நின்றது ஹாஸ் டீம். அதன் ஓட்டுநர் மாக்னுசன் சாஃப்ட் டயரில் 1:11.674 அடித்தார். பிறகு ரஸல் சரளையில் சிக்கி செங்கொடி (ஓட்டம் நிறுத்தம்), உடனே மழை. அதற்கு மேல் யாராலும் நேரத்தைக் குறைக்க முடியவில்லை, போல் (முதலிடம்) ஹாஸுக்கு. அது ஸ்பிரின்ட் (கூடுதல் குறும்பந்தயம்) உள்ள வார இறுதி. அதற்கு முன் இருந்தது ஒரே ஒரு பிராக்டிஸ்.

கெம்மல்_குமரன்:
2023, 2025 ஸ்பாவும் ஸ்பிரின்ட்தானே, எஃப்.பி.2-வே கிடையாது. அப்போது எதை வைத்துப் பார்ப்பது?

எடைக்கணக்கு:
2025 மாதிரி என்றால், ஸ்பிரின்ட்டின் தொடக்க வரிசைக்கான ஸ்பிரின்ட் குவாலிஃபையிங்கை. 2023-ல் அது முக்கிய குவாலிஃபையிங்குக்குப் பிறகே நடந்ததால் கணிக்க உதவாது. இதில் எல்லோரும் பெட்ரோலைக் குறைத்து முழு பலத்தில் ஓடுவார்கள், எஃப்.பி.2-வைவிட நம்பகமானது. ஸ்பிரின்ட் முடிந்ததும் செட்டப்பை மாற்ற 2024 முதல் அனுமதி உண்டு, அந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள்.