அம்பாசடர் மார்க் 4: ஜாம் ஆன எஞ்சினை சிலிண்டர் ஹெட் கழட்டாம சுத்த வைக்க முடியுமா?

கேள்வி:
1985 மாடல் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். 2016-லிருந்து ஷெட்லயே நிக்குது. புது பேட்டரி போட்டு சாவி திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அதோட சரி. ஹேண்டில் போட்டாலும் அசையல. டேங்க்ல பழைய பெட்ரோல் கிடக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
மறுபடி சாவி திருப்பாதீங்க சார். எஞ்சின்தான் பிடிச்சிருக்குன்னு முதல்ல உறுதி பண்ணுங்க. செல்ஃப் மோட்டாரோட பினியன் (சின்னப் பல்சக்கரம்) ஃபிளைவீல் பல்லுல மாட்டினாலும், டைனமோவோ வாட்டர் பம்ப்போ இறுகினாலும் இதே மாதிரிதான் இருக்கும். செல்ஃபைக் கழட்டி, ஃபேன் பெல்ட்டையும் எடுத்துட்டு, கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்து ஹேண்டில் போடுங்க.

அப்பவும் அசையலன்னா நாலு பிளக்கையும் கழட்டி, டியூப் மாட்டின சிரிஞ்சால ஒவ்வொரு சிலிண்டர்லயும் 50 மில்லி விடுங்க. ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயில்) அசிட்டோனும் சரிபாதி. அசிட்டோன் சீக்கிரம் பிரியும், ஆவியும் ஆகும். அதனால குலுக்கி உடனே விடணும், பக்கத்துல நெருப்பு ஆகாது. கிடைக்கலன்னா டீசலோட ஏடிஎஃப். ஒரு வாரம் விட்டு, நடுவுல இன்னொரு தடவை ஊத்துங்க. நிறுத்தினப்ப எந்த சிலிண்டர்ல வால்வு திறந்திருந்ததோ, அங்கதான் ஈரக்காத்து போய் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டர் உள்சுவர்) துருவால ஒட்டியிருக்கும்.

அப்புறம் டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னுமா ஆட்டுங்க. ஹேண்டில்ல பைப் செருகி நெம்பக் கூடாது, ரிங் உடைஞ்சா போர்ல கோடு விழும்.

பதில் 2:
மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஆட்டுறதுக்கு முன்னாடியே எஞ்சின் மேல வால்வுகளை மூடியிருக்கிற ராக்கர் கவரைக் கழட்டிடுங்க. வால்வு தண்டு கைடுல ஒட்டியிருந்தா எஞ்சின் சுத்தும்போது புஷ் ராடு வளையும். எட்டு வால்வுக்கும் ஏடிஎஃப் விட்டு, மெதுவா சுத்தும்போது எது மேல வராம நிக்குதுன்னு பாருங்க. நின்னா மெல்ல மரச்சுத்தியால தட்டி, ஆயில் விட்டு விடுவிச்ச பிறகே அடுத்த சுத்து.

கேட்டவர்:
அண்ணா, இப்ப ஹேண்டில் முழு சுத்து சுத்துது. எட்டு வால்வும் ஏறி இறங்குது. அடுத்து?

பதில் 1:
பழைய ஆயிலை இறக்குங்க, சிலிண்டர்ல விட்டது சம்புக்குள்ள (எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) போயிருக்கும். ஃபில்டர் மாத்தி 20W-40 எஞ்சின் ஆயில் நிரப்புங்க. செல்ஃப், பெல்ட் எல்லாம் திரும்ப மாட்டுங்க. பிளக் போடாம, காயில் வயரைக் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க. ஆயில் பிரஷர் லைட் அணையற வரைக்கும், விட்டுவிட்டு. சிலிண்டர்ல மிச்சமிருந்த திரவமும் வெளிய வந்துடும். அதை உள்ள வச்சு பிளக் போட்டா கனெக்டிங் ராடு வளைய வாய்ப்பிருக்கு.

டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சுத் துடைச்சு இடைவெளி 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. வையுங்க. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியற வரிசை) 1-3-4-2.

பதில் 2:
டேங்க் பெட்ரோல் வேண்டாம், அது பிசினா மாறி ஜெட்டை அடைக்கும். கார்புரேட்டரைப் பிரிச்சுக் கழுவிட்டு, பாட்டில்ல புது பெட்ரோல் வச்சு ஹோஸ் வழியா நேரா விடுங்க. எஞ்சின்ல இருக்கிற ஏசி பம்ப்பை (பெட்ரோல் பம்ப்) நம்பாதீங்க. டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தா பெட்ரோல் சம்புல இறங்கி ஆயிலை நீர்த்துடும். டிப்ஸ்டிக்ல வாசனை வருதான்னு பாருங்க. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்ல பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், எல்லாத்தையும் மாத்தணும்.

ஸ்டார்ட் ஆனதும் புகை மண்டும், ஏடிஎஃப் எரியற வரைக்கும் அப்படித்தான். ஷெட் கதவைத் திறந்து வையுங்க. ரேஸ் பண்ணாம பத்து நிமிஷம் ஓட்டி, எஞ்சின் பிளாக்குல கோர் பிளக் (தண்ணி வழியை அடைக்கிற தகட்டு மூடி) ஒழுகுதான்னு கவனிங்க. சூடா இருக்கும்போதே ஆயிலை மறுபடி மாத்துங்க. பிரேக் வீல் சிலிண்டர் பாக்காம வண்டியை ஷெட்டை விட்டு எடுக்காதீங்க.